நன்கொடையும் நன்றிக்கடனும்

கம்பெனிகள் அரசியல் கட்சிகளுக்குப் பணம் கொடுப்பதில் என்ன தவறு என்று கேட்போர் நம் நாட்டில் உண்டு. தேர்தல் பத்திரத் திட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2024 பிப்ரவரி 15-ல் சுப்ரீம் கோர்ட் ஏகமனதாகத் தீர்ப்பளித்த பிறகும் இக்கேள்வி ஓய்ந்தபாடில்லை. சட்டத்துக்கு உட்பட்டு, கணக்கில் காட்டிக் கொடுப்பது லஞ்சமாகாது என்பது அவர்களுடைய வாதம். இவ்வாதத்தைச் சோதித்துப் பார்க்க, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் என்ரான் கம்பெனி நடத்திய காரியங்களைவிடச் சிறந்த உரைகல் வேறில்லை. அது தேர்தல்களுக்குக் கொடுத்த பணம் கணக்கில் இருந்தது. அந்நாட்டுச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. ஆயினும் தீங்கு விளைந்தது.

டெக்ஸாஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இக்கம்பெனி, 1985-ல் இரண்டு எரிவாயுக் கம்பெனிகள் ஒன்றானதால் பிறந்தது. மிஸ்டர் கென்னத் லே அதன் தலைவர். குழாய் வழியே எரிவாயு அனுப்பும் தொழிலில் தொடங்கி, எரிவாயுவையும் மின்சாரத்தையும் சந்தைச் சரக்காக்கி, வாங்கி விற்பதிலேயே அது பெருலாபம் தேடிற்று. இத்தகைய வியாபாரத்துக்கு மூலதனம் மட்டும் போதாது. சர்க்காரின் மேற்பார்வை இல்லாதிருப்பதும் வேண்டும். அதைத் தேடும் முயற்சியில் நன்கொடைக்கும் ஓர் இடம் இருந்தது.

கம்பெனிகள் தங்கள் கஜானாவிலிருந்து நேராக அபேட்சகர்களுக்குப் பணம் கொடுக்கலாகாது என்று 1907 முதலே அமெரிக்காவில் சட்டம் உண்டு. எனினும் நிர்வாகிகளின் பெயராலும், ஒரு கமிட்டியின் பெயராலும், கட்சிகளின் பொது நிதிக்கு வரம்பின்றியும் கொடுக்க வழிகள் இருந்தன. இவ்வழிகளில் 1989 முதல் சுமார் 60 லட்சம் டாலர் போயிற்று. ஏறக்குறைய முக்கால் பங்கு ரிபப்ளிகன் கட்சிக்கு. எஞ்சியதில் பெரும்பகுதி டெமாக்ரடிக் கட்சிக்கு. கம்பெனி வீழ்ந்தபோது பதவியிலிருந்த செனட்டர்கள் 100 பேரில் 71 பேரும், பிரதிநிதி சபையின் 435 அங்கத்தினரில் 188 பேரும் இப்பணத்தைப் பெற்றவர்கள். மழை பெய்வதுபோல் எல்லா வயலிலும் பெய்திருக்கிறது!

விளைச்சல் என்ன? 1993 ஜனவரியில், வருங்கால விற்பனை ஒப்பந்தங்களை மேற்பார்வை செய்யும் கமிஷன், ஸ்ரீமதி வெண்டி கிராமின் தலைமையில், எரிசக்தி ஒப்பந்தங்களுக்கு விலக்கு அளித்தது. விலக்கு வேண்டியவற்றுள் என்ரானும் ஒன்று. பதவியை விட்ட சில வாரங்களில் அவ்வம்மையார் என்ரானின் டைரக்டரானார். அவருடைய கணவர் மிஸ்டர் பில் கிராம் டெக்ஸாஸ் செனட்டர். என்ரானின் நன்கொடை பெற்றவர். 2000 டிசம்பரில், மின்னணுச் சந்தையில் நடக்கும் எரிசக்தி வியாபாரத்தை மேற்பார்வையிலிருந்து விடுவிக்கும் சட்டம், மாபெரும் செலவு மசோதா ஒன்றோடு சேர்க்கப்பட்டு நிறைவேறிற்று. டெமாக்ரடிக் கட்சி ஜனாதிபதி கிளிண்டன் அதில் கையொப்பமிட்டார். பிற்காலத்தில் ஜனங்கள் அதற்கு இட்ட பெயர் 'என்ரான் ஓட்டை' என்பது.

அதே காலத்தில், 2000-2001-ல், கலிபோர்னியாவில் மின்சார விலை பன்மடங்கு ஏறிற்று; ஊர்கள் முறை வைத்து இருளில் மூழ்கின. இல்லாத நெருக்கடியை இருப்பதாகக் காட்டி விலையை ஏற்றிய தந்திரங்களில் என்ரான் வியாபாரிகளுக்குப் பங்கிருந்தது பின்னர் வெளியாயிற்று. விலைக்கு உச்சவரம்பு வேண்டும் என்று அம்மாகாணம் மன்றாடியபோது, 2001 ஏப்ரலில் மிஸ்டர் லே உப ஜனாதிபதி மிஸ்டர் செனியைக் கண்டு, உச்சவரம்பு கூடாது என்று குறிப்பு எழுதிக் கொடுத்தார். சர்க்காரும் உச்சவரம்பை எதிர்த்தே பேசிற்று.

நம் நாட்டையும் அக்கை எட்டியது. மகாராஷ்டிரத்தில் தாபோல் மின்சார நிலையத்தை அமைத்ததும் என்ரானே. அத்திட்டத்தின்பொருட்டு இந்தியர்களுக்குப் 'போதனை' செய்வது முதலிய பூர்வாங்க வேலைகளுக்குச் சுமார் 2 கோடி டாலர் செலவிட்டதாக, அதன் அதிகாரி ஒருவர் 1995-ல் அமெரிக்கப் பிரதிநிதி சபைக் கமிட்டியின்முன் சொன்னார். மின்சாரத்தின் விலை கட்டாமல் 2001-ல் மகாராஷ்டிர மின்சார போர்டு வாங்குவதை நிறுத்தியது. அவ்வாண்டு ஜூன் மாதம் இந்திய எதிர்க்கட்சித் தலைவி ஸ்ரீமதி சோனியா காந்தியைச் சந்தித்த மிஸ்டர் செனி, அக்கம்பெனியின் பாக்கியைப் பற்றிப் பிரஸ்தாபித்தார்.

இவையெல்லாம் நன்கொடையால் விளைந்தவை என்று நாம் சாதிக்கவில்லை. கொள்கை நம்பிக்கையால் செய்தோம் என்று சம்பந்தப்பட்டவர்கள் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நம்பிக்கை எது, நன்றிக்கடன் எது என்று பிரித்தறிய ஜனங்களுக்கு வழியில்லாமற் போயிற்றே! அந்த ஐயமே ஜனநாயகத்தின் வேரில் ஊற்றிய வெந்நீர். உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது குடும்பத்துக்கு ஏற்ற நீதி. சட்டசபைக்கு அது ஏற்காது.

2000 ஆகஸ்டில் சுமார் 90 டாலர் விற்ற பங்கு 2001 நவம்பர் முடிவில் ஒரு டாலருக்கும் கீழே விழுந்தது. டிசம்பர் 2-ல் கம்பெனி திவால் மனு போட்டது. ஓய்வுக்காலச் சேமிப்பைக் கம்பெனிப் பங்குகளில் வைத்திருந்த ஊழியர் ஆயிரக்கணக்கானோர் வேலையையும் சேமிப்பையும் ஒருங்கே இழந்தனர். கடைசி நாட்களில் மிஸ்டர் லே மந்திரிகளுக்கு டெலிபோன் செய்தும் அவர்கள் உதவவில்லையே, அப்படியிருக்க நன்கொடையால் என்ன லாபம் என்று சிலர் கேட்டனர். வேலியைப் பிடுங்கும் வேலை முன்பே முடிந்துவிட்டது என்பதே நமது விடை.

பின்பு விசாரணை வந்தது. விசாரித்த காங்கிரஸ் கமிட்டிகளின் 248 அங்கத்தினரில் 212 பேர் என்ரானிடமோ அதன் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சனிடமோ பணம் பெற்றவர்கள்! அட்டர்னி ஜெனரல் மிஸ்டர் ஆஷ்கிராப்ட், தாம் நன்கொடை பெற்றவர் என்பதால் விசாரணையிலிருந்து விலகிக்கொண்டார், அது முறை. ஆனால் 212 பேரும் அவ்வாறே விலகினால் விசாரிப்பதற்கு யார் எஞ்சுவர்? 2002-ல் தேசியக் கட்சிகளுக்கு வரம்பற்ற நிதி கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 2010-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட், கம்பெனிகள் தனித்து நின்று தேர்தலுக்குச் செலவிட வரம்பில்லை என்று தீர்ப்பளித்து, மூடிய கதவுக்கு அருகே வேறொரு கதவைத் திறந்துவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். 71, 188, 212 என்று எண்ணிச் சொல்ல முடிந்தது, அங்கே கணக்கு ஜனங்கள்முன் திறந்திருந்ததால்தான். 2018 முதல் இங்கே பத்திரங்கள் விற்றபோது, கொடுத்தவர் யார் என்பது வாக்காளருக்கு மறைக்கப்பட்டிருந்தது. அம்மறைப்பைக் கோர்ட் நீக்கிவிட்டது நன்றே. அது முதற்படிதான். சர்க்காரிடம் ஒப்பந்தமோ அனுமதியோ நாடி நிற்கும் கம்பெனி கட்சிகளுக்குக் கொடுக்கலாகாது. பெற்ற தொகை தேர்தலுக்கு முன்பே வெளியாக வேண்டும். மேற்பார்வை உத்தியோகஸ்தர் பதவி விட்டபின் சில ஆண்டுகள் அத்தொழிலின் கம்பெனிகளில் அமரலாகாது. இம்மூன்றையும் சட்டமாக்கும்படி பார்லிமெண்டை வற்புறுத்துகிறோம். விளக்கேற்றும் மின்சாரத்துக்கு விலை கொடுப்பவர்கள் ஜனங்கள். அவ்விலையை நிர்ணயிப்போர் அவர்களுக்கு மட்டுமே கடன்பட்டவர்களாக இருக்க வேண்டும்.