உணராத உடலுக்கு உணர்வாவோம்

ஞாயிறு திருப்பலியில் மறையுரை சற்று நீண்டுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்கிறோம், காலை மாற்றி வைக்கிறோம், கொஞ்சம் முன்னால் நகர்கிறோம். யாரும் நமக்கு இதைச் சொல்லித் தரவில்லை. உடல் வலிக்கிறது, நகர்கிறோம். தூக்கத்திலும் நம்மை அறியாமலே புரண்டு படுக்கிறோம். இந்தச் சிறு வலி இறைவன் நமக்குத் தந்த காவல் என்று நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

அந்தக் காவலை இழந்தவர்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், 4,43,366 பேர் காயமடைந்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. இறந்தவர்கள் மறுநாள் செய்தித்தாளில் இடம் பெறுகிறார்கள். காயத்தோடு வீடு திரும்பியவர்கள் மறக்கப்படுகிறார்கள். அவர்களில் முதுகுத் தண்டுவடம் அடிபட்டவர்களும் உண்டு. மரத்திலிருந்து விழுந்தவர்கள், கட்டட வேலையில் சாரத்திலிருந்து தவறியவர்கள் எனப் பலர் இதே நிலையில் இருக்கிறார்கள். உலகெங்கும் 1.5 கோடிக்கும் அதிகமானோர் தண்டுவடக் காயத்தோடு வாழ்வதாக உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது.

இவர்களுடைய கால்கள் செயலற்றுப் போனது நம் கண்ணுக்குத் தெரிகிறது. உணர்வும் போய்விட்டது என்பது தெரிவதில்லை. சக்கர நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருக்கும்போது, உட்காரும் எலும்புகளுக்கும் இருக்கைக்கும் நடுவே சதை நசுங்குகிறது. அங்கே இரத்தம் ஓடுவதில்லை. சில மணி நேரத்தில் சதை அழுகத் தொடங்கலாம். வலி தெரியாததால் எச்சரிக்கையும் இல்லை. கேடு பல நேரங்களில் எலும்பை ஒட்டிய ஆழத்திலேயே தொடங்குகிறது. மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவு தெரியும் புண்ணுக்கு உள்ளே பெரிய குழியே இருக்கலாம்! நாம் இதைப் படுக்கைப் புண் என்கிறோம். அந்தப் பெயரே நம்மை ஏமாற்றிவிடுகிறது. உட்கார்ந்திருப்பவருக்கும் இது வரும். அழுத்தப் புண் என்பதே சரியான பெயர்.

இது சிறிய தொல்லை அல்ல. ஹாலிவுட் நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995-இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். பணம், மருத்துவர்கள், உதவியாளர்கள் என எதிலும் அவருக்குக் குறைவில்லை. ஆனாலும் 2004 அக்டோபரில், அழுத்தப் புண்ணில் உண்டான தொற்றுக்குச் சிகிச்சை பெற்றுவந்த நேரத்தில் அவர் இறந்தார். அவருக்கே இந்த நிலை என்றால், ஓலைப் பாயும் ஒரு மகளின் கவனிப்பும் மட்டுமே உள்ள ஏழையின் நிலை என்ன?

அப்படியானால் இது தலைவிதியா? இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை, தண்டுவடம் அடிபட்டவர் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் இறந்துவிடுவார் என்றே மருத்துவ உலகம் நம்பியது. நாத்சிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த யூத மருத்துவர் லுத்விக் குட்மன், 1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் அந்த நம்பிக்கையை உடைத்தார். அவர் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைக்கச் செய்தார். இறந்துவிடுவார்கள் என்று கைவிடப்பட்டவர்கள் பிழைத்தார்கள். அவர்களுக்காக 1948-இல் அவர் தொடங்கிய விளையாட்டுப் போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக்காக வளர்ந்தது.

நம் மண்ணிலும் ஒரு சாட்சி உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அவரது முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானது. உணர்விழந்த கையைப் புண்ணாகாமல் காப்பது எப்படி என்று தொழுநோயாளிக்குக் கற்றுத் தர வேண்டும். தண்டுவடம் அடிபட்டவருக்கும் அதே பாடம்தான்.

அந்தப் பாடம் எளியது. சக்கர நாற்காலியில் இருப்பவர் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ இரண்டு நிமிடம் அழுத்தத்தை விலக்க வேண்டும். காலையும் மாலையும் கண்ணாடி வைத்தோ வீட்டார் உதவியாலோ தோலைப் பார்க்க வேண்டும். நம்முடைய கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அந்த இடம் கூடுதலாகக் கறுத்திருக்கிறதா, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். மாற்றம் தெரிந்தால், அது மறையும்வரை அந்த இடத்தில் பாரம் விழவே கூடாது. தோல் உரிந்துவிட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஈரத் துணியை உடனே மாற்ற வேண்டும். முட்டை, பருப்பு, மீன் போன்ற சத்துணவு வேண்டும்.

நல்லெண்ணத்தில் நாம் செய்யும் தவறுகளும் உண்டு. அந்த இடத்தில் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பது கேட்டைக் கூட்டும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையமும் ஆகாது. அதன் விளிம்பு அழுத்துவதால் நடுப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைகிறது.

அன்பார்ந்த இறைமக்களே, மாற்கு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தில் முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வருகிறார்கள். கூட்டம் வழியை மறைக்கிறது. அவர்கள் கூரையைப் பிரித்து அவரை இறக்குகிறார்கள். இயேசு அந்த நால்வரின் நம்பிக்கையைக் கண்டார் என்கிறது நற்செய்தி. இன்று நம் பங்கில் அந்த நால்வர் யார்?

பண்டிகை நாள்களில் நாம் சக்கர நாற்காலி வழங்கிப் படமெடுத்துக் கொள்கிறோம். நல்லதுதான். ஆனால் அது அவருடைய உடல் அளவுக்குப் பொருந்துகிறதா? அழுத்தத்தைக் குறைக்கும் மெத்தை அதில் இருக்கிறதா? மெத்தையில்லாத நாற்காலியே புண்ணுக்குக் காரணமாகிவிடுமே! ஆலயப் படிகளில் அவரை இழுத்துத் தூக்கும்போது தோல் உரசிக் கிழியலாம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு சாய்தளம் கட்டினால் போதும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய அணுகுவசதியை உரிமையாக்கியது. இதற்கான தரநிலைகளைக் கட்டாயமாக்கும்படி 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டம் கேட்கும் முன்பே அன்பு செய்திருக்க வேண்டாமா?

அன்பியக் கூட்டத்தில் இவரைப் பற்றிப் பேசுவோம். வின்சென்ட் தே பவுல் சபையினர் மாதம் ஒருமுறை அரிசியோடு மெத்தையின் நிலையையும் விசாரிக்கட்டும். கவனித்துக் களைத்த தாய்க்கும் மனைவிக்கும் ஓர் இரவு ஓய்வு கொடுப்போம். திருப்பலியில் அவர் சாய்ந்து நிமிர உதவி கேட்டால், பக்கத்தில் இருப்பவர் கை கொடுக்கட்டும். தன் உடலுக்கு அவரே முதல் காவலர். அவர் சொல்வதைக் கேட்டுச் செய்வதே நம் பணி.

புண் வந்தபின், "கடவுள் தந்த சிலுவை, சுமந்துதான் ஆக வேண்டும்" என்று ஆறுதல் சொல்வது எளிது. தடுத்திருக்கக்கூடிய புண்ணைச் சிலுவை என்று சொல்லலாமா? அது கடவுள் தந்ததல்ல, நம் கவனக்குறைவு தந்தது. ஓர் உறுப்பு துன்புற்றால் மற்ற எல்லா உறுப்புகளும் சேர்ந்து துன்புறும் என்று கொரிந்தியருக்கு எழுதினார் தூய பவுல். தன் உடலின் வலியை உணர முடியாத சகோதரருக்காக நாம் அதை உணர்வோம். கிறிஸ்துவின் உடலாய் இருப்பது என்றால் அதுதான்.