இரும்பு வளையமும் இல்லத்தின் காவலும்

மின்சாரம் பாயும் கம்பியின் அருகே வைத்த காந்த முள் திரும்புவதை 1820-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு அறிஞர் எர்ஸ்டெட் கண்டார். மின்சாரத்தினின்று காந்த ஆற்றல் பிறக்குமாயின், காந்தத்தினின்று மின்சாரம் பிறவாதோ என அறிஞர் பலர் வினவினர். விடை கண்டவர் மைக்கேல் பாரடே. கொல்லர் ஒருவரின் மகனாக 1791-இல் பிறந்து, புத்தகம் கட்டும் தொழிலை ஏழாண்டு பயின்று, கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவியலில் நாட்டம் கொண்டவர் அவர். உயர்கணிதம் அறியாதவர். கணக்கைக் கண்டு அஞ்சும் நம் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லி வைக்கலாம்.

1831 ஆகஸ்டு 29 அன்று, ஆறு அங்குல விட்டமுள்ள இரும்பு வளையம் ஒன்றின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பிச் சுருள்களைச் சுற்றினார் பாரடே. ஒரு சுருளை மின்கலத்தோடு இணைத்தார். மற்றதன் அருகே காந்த முள்ளை வைத்தார். இணைத்த கணத்தில் முள் துடித்தது, உடனே அடங்கிவிட்டது. இணைப்பைப் பிரித்தபோது எதிர்த்திசையில் மீண்டும் துடித்தது. மின்சாரம் சீராகப் பாய்ந்த இடைவேளையிலோ யாதொரு அசைவும் இல்லை! காந்தம் இருப்பதால் மட்டும் மின்சாரம் பிறப்பதில்லை. காந்தப்புலம் மாறும்பொழுதே பிறக்கிறது. இதுவே மின்காந்தத் தூண்டல்.

மிதிவண்டியின் டைனமோவும், அணைக்கட்டுகளின் பெரும் மின்னாக்கிகளும் இவ்வுண்மையால் இயங்குபவையே. 11,000 வோல்ட் மின்சாரத்தை வீட்டிற்கேற்ற 230 வோல்ட்டாகக் குறைக்கும் தெருமுனை மின்மாற்றி, பாரடேயின் வளையத்தின் நேர்வாரிசு. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறுவதால் அங்கே புலம் ஓயாது மாறிக்கொண்டேயிருக்கிறது. இன்டக்ஷன் அடுப்பில் மண்சட்டியும் சாதாரண அலுமினியப் பாத்திரமும் சூடேறாததற்கும், இரும்பு அடியுள்ள பாத்திரம் சூடேறுவதற்கும் காரணம், பாத்திரத்தின் அடியிலேயே தூண்டப்படும் சுழல் மின்னோட்டமே.

ஆயினும் இல்லத்தரசிகளும் குடும்பத் தலைவர்களும் முதன்மையாக அறிய வேண்டிய பயன் வேறொன்று. பியூஸோ எம்.சி.பி.யோ இருந்தால் மின்னதிர்ச்சி தாக்காது எனப் பலர் நம்புகின்றனர். இது ஆபத்தான நம்பிக்கை. அவை கம்பிகள் சூடேறித் தீப்பிடிக்காமல் காக்கவே அமைந்தவை. 6 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் மின்சாரம் பாய்ந்தால்தான் துண்டிக்கும். ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு சில நொடிகள் மார்பின் வழியே பாய்ந்தாலோ மனித இதயம் நின்றுவிடக்கூடும். ஈரக் கையோடு மாவரைக்கும் கிரைண்டரைத் தொடும் பெண்ணை அந்த எம்.சி.பி. கவனிப்பதேயில்லை.

கவனிப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. அதனுள்ளும் ஒரு காந்த வளையம் உண்டு. வீட்டிற்குள் வரும் கம்பியும் திரும்பிச் செல்லும் கம்பியும் அவ்வளையத்தின் வழியே செல்கின்றன. போவதும் வருவதும் சமமாயின் இரண்டின் காந்தப்புலங்களும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒருவர் உடல் வழியே சிறிது மின்சாரம் தரைக்குக் கசிந்தால் சமநிலை குலைகிறது. உடனே, வளையத்தில் சுற்றிய மூன்றாவது சுருளில் மின்சாரம் தூண்டப்பட்டு, இணைப்பைக் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கிறது. வீடுகளுக்கு ஏற்றது 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது. வாங்கும்போது அவ்வெண்ணைப் பார்த்து வாங்குங்கள். 100, 300 எனக் குறித்தவை உயிர்காப்புக்கு ஏற்றவை அல்ல.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒருவர் இரு கம்பிகளையும் ஒருங்கே பிடித்து, தரைக்கு எதுவும் கசியாவிடில், போவதும் வருவதும் சமமாகவே இருக்கும், கருவி வாளாவிருக்கும். எனவே எர்த் இணைப்பையும் எச்சரிக்கையையும் கைவிடலாகாது.

கருவியின் முகப்பில் சோதனைப் பொத்தான் ஒன்றுண்டு. மாதம் ஒருமுறை அதனை அழுத்துங்கள். மின்சாரம் துண்டிக்கப்படாவிடில் மின்பணியாளரை அழைத்து அன்றே மாற்றிவிடுங்கள்.