வீக்க மாத்திரையும் ஆறாத புண்ணும்

மூக்கண்டப்பள்ளி, சிப்காட் பகுதித் தொழிற்சாலைகளிலிருந்து காயங்களோடு எங்களிடம் வருவோர் பலரின் கையில் ஏற்கெனவே ஒரு மாத்திரை அட்டை இருக்கிறது. செராஷியோபெப்டிடேஸ் என்பது மருந்தின் பெயர். கடையில் கேட்பதோ ‘வீக்க மாத்திரை’. பெரும்பாலும் வலி மாத்திரையோடு சேர்ந்தே வருவதால் வலி குறைகிறது; புண் ஆறுவதாக நம்பிக்கை பிறக்கிறது.

இது புரதத்தைக் கரைக்கும் ஒரு நொதி, அதாவது என்சைம். பட்டுப்புழுவின் குடலில் வாழும் பாக்டீரியாவிலிருந்து ஜப்பானில் பிரித்தெடுக்கப்பட்டது. மல்பெரித் தோட்டங்களை அன்றாடம் காணும் இப்பகுதியினருக்கு இக்கதை இனிக்கத்தான் செய்யும். ஆனால், மருந்தற்ற போலி மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் வேறுபாடு தென்படாததால், அங்கு இதை விற்றுவந்த டகேடா நிறுவனம் 2011-இல் தானாகவே விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றது. நம் நாட்டில் இன்றும் மருத்துவச் சீட்டுகளில் இது இடம்பெறுகிறது. அப்பழக்கம் ஒழிய வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

நொதிகளுக்குப் புண் ஆறுவதில் பங்கில்லை என்று எண்ணிவிடலாகாது. அவற்றை உடலே ஆக்கிக்கொள்கிறது. வெட்டுப்பட்டவுடன் இரத்தத்தை உறையவைப்பது திராம்பின் என்னும் நொதி. இறந்த திசுக்களைக் கரைப்பவை வெள்ளணுக்களின் நொதிகள். புதுத் தசைக்குச் சட்டமாக அமையும் கொலாஜனை உறுதிப்படுத்தும் நொதிக்கு வைட்டமின் சி தேவை. அதற்கு நெல்லிக்காயும் கொய்யாவும் போதும்.

நீரிழிவு உள்ளவரின் நாட்பட்ட கால்புண்ணிலோ, கரைக்கும் நொதிகள் அளவுமீறிப் பெருகி, புதிதாக உருவாகும் கொலாஜனையும் அழித்துவிடுகின்றன. அப்புண்ணுக்காக இன்னொரு கரைக்கும் நொதியை விழுங்குவதில் என்ன பொருள் இருக்கிறது? உடன் வரும் வலி மாத்திரை, ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கக்கூடும்.

இறந்த திசுவை அகற்றக் கொலாஜனேஸ் களிம்பைப் பூசுவது வேறு. அது புண்ணை நேரில் கண்டு மருத்துவர் முடிவு செய்வது. பப்பாளிப் பாலை வீட்டில் தடவ வேண்டாம். பப்பாளி நொதி கலந்த மேற்பூச்சு மருந்துகளை, கடும் ஒவ்வாமை காரணமாக, அமெரிக்க அரசு 2008-இல் நிறுத்தச் சொன்னது.

சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும்; புண்பட்ட பாதத்தின்மேல் பளு விழக்கூடாது. உணர்ச்சி குன்றிய காலைப் பாதுகாப்புக் காலணிக்குள் இறுக்கி, ஷிப்டு முழுவதும் நிற்பவருக்கு எந்த மாத்திரையும் உதவாது. விரலை இழந்த பின் வருவதைவிட, கொப்புளம் கண்ட அன்றே வாருங்கள். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றும்படி மேலாளருக்குக் கடிதம் தேவையெனில் தயங்காது கேளுங்கள், எழுதித் தருகிறோம்.