குண்டத்துக்கு வெளியே நிற்பவர்கள்

தங்கை மகள் இந்த வாரம் ஒரு பயண இதழின் நான்கு பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவளைத் தெரியும். வீட்டுக் கிணற்றை மூடக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள்தான். இப்போது சென்னையில் வேலை. கூட வேலை பார்க்கும் மூன்று பெண்களோடு ஸ்பெயினுக்குப் போகப் பணம் சேர்க்கிறாள். அந்த நாட்டில் ஸோரியா என்றொரு மாகாணம். அதன் ஊர்கள், காடுகள், திருவிழாக்கள் பற்றித்தான் அந்த நான்கு பக்கமும்.

படித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா, போய்ட்டு வா. அதுக்கு முன்னாடி அந்த மூணு பொண்ணுங்களையும் ஒரு நாள் நம்ம ஊருக்குக் கூட்டிட்டு வாயேன்" என்றேன். அவள் சொன்ன பதில் மூன்று நாளாக என் காதிலேயே இருக்கிறது.

"நம்ம ஊர்ல என்ன மாமா இருக்கு காட்டறதுக்கு? தறிச் சத்தம்தானே!"

அவள் பேரில் எனக்குக் கோபமில்லை. அப்படித்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். திருவள்ளூர் மாவட்டம் என்றால் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை, புகைபோக்கி, கன்டெய்னர் லாரி. சுற்றுலா என்று வந்தால் திருத்தணி மலையில் அரை நாள். அதற்கு மேற்கே எங்கள் பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு என்று ஊர்கள் இருப்பதே வெளியூர்க்காரர்களுக்குத் தேர்தல் நேரத்தில்தான் ஞாபகம் வருகிறது. இந்தப் புறக்கணிப்பைப் பற்றி நான் முன்பும் எழுதியிருக்கிறேன். ஆறும் வரை எழுதுவேன்.

முதலில் ஸோரியாவுக்கு நியாயம் செய்துவிடுகிறேன். அது அழகான இடம்தான். ஸ்பெயினிலேயே மக்கள் மிகக் குறைவாக வாழும் மாகாணங்களில் ஒன்று. மொத்தம் ஒரு லட்சம் பேர்கூடக் கிடையாது. டுவேரோ ஆறு அதன் வழியாக ஓடுகிறது. பைன் காடுகளுக்கு நடுவே கறுப்பு ஏரி என்று பெயர் பெற்ற ஒரு மலைச்சுனை இருக்கிறது. மேட்டுநிலப் பாறைகளில் டைனோசர்களின் காலடித் தடங்கள் பதிந்து கிடக்கின்றன. ரோமானியப் படைக்குப் பணியாமல் முற்றுகையில் பட்டினி கிடந்து கி.மு. 133-இல் அழிந்த நுமான்சியா நகரத்தின் இடிபாடுகளும் அங்கேதான். அந்தோனியோ மச்சாதோ என்ற பெருங்கவிஞர் 1907-இல் ஸோரியா நகரத்துக்குப் பிரெஞ்சு வாத்தியாராக வந்தார். அங்கேயே ஓர் இளம் பெண்ணை மணந்து, 1912-இல் அவளை நோய்க்குப் பறிகொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போனார். அவர் எழுதியதால்தான் அந்த வறண்ட மேட்டுநிலத்தை உலகம் எட்டிப் பார்த்தது.

இனி நம் பக்கம். ஆந்திரத்திலிருந்து லவா, குசா என்று இரண்டு ஆறுகள் இறங்கி வந்து பள்ளிப்பட்டுப் பக்கம் ஒன்று சேர்கின்றன. ராமாயணத்துப் பிள்ளைகள் இருவரும் கைகோத்துக்கொண்ட பிறகு அந்த ஆற்றுக்குப் பெயர் கொசஸ்தலை. வருடத்தில் பாதி நாள் வெறும் மணல். மேலே கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் ஒரே ராத்திரியில் தரைப்பாலங்கள் முழுகிப் போகும். நெடியத்துக்காரர்களும் சொரக்காய்பேட்டைக்காரர்களும் அக்கரையில் நின்று கையசைப்பார்கள். அந்தத் தண்ணீர்தான் 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தை நிரப்பிச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு எண்ணூரில் கடல் சேர்கிறது. அந்த ஆற்றோரத்து அத்திரம்பாக்கத்தில்தான் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவற்றில் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-இல் சாந்தி பப்பு குழுவினர் நிறுவினார்கள். ஸோரியாப் பாறையில் விலங்கின் கால் பதிந்திருக்கிறது. நம் ஆற்றங்கரையில் ஆதிமனிதர்களின் கைவேலையே கிடக்கிறது.

ஒரு பக்கம் பார்த்தால் நகரி மலை. அதன் உச்சியில் மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும் பாறையைக் கொண்டுதான் அந்தக் காலக் கப்பல்காரர்கள் கடலிலிருந்து இந்தக் கரையை அடையாளம் கண்டார்கள். கிழக்கே திருத்தணி, வருடத்தின் நாட்களுக்கு ஈடாக 365 படி. புத்தாண்டன்று வெள்ளைக்காரத் துரைகளைப் பார்த்து வணங்கக் காத்திருந்தவர்களை, முதலில் முருகனை வணங்குங்கள் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917-இல் திருப்பிவிட்டார். இன்றைக்கும் டிசம்பர் 31 இரவு படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டு சனம் ஏறுகிறது. ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி. கங்கையம்மனுக்கு ஜாத்திரை. திருவிழா என்று நாங்கள் சொல்வதில்லை, ஜாத்திரைதான். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து வளர்ந்ததால் வந்த சொல்.

அந்தத் திண்ணையைப் பற்றிச் சொல்ல வந்தால் நான் ம.பொ.சி.யின் 'எனது போராட்டம்' புத்தகத்துக்குத்தான் போவேன். என் வாசகர்களுக்கு இது பழக்கம். என்னிடம் இருப்பது அப்பா வாங்கிய பிரதி. அட்டை போய், நான் லுங்கித் துணியில் பைண்டு போட்டு வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்க வழியில்லாமல் போனவர், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்து வயிறு வளர்த்தவர், தன் வாழ்க்கையைத் தானே எழுதியிருக்கிறார். அதில் வடக்கெல்லைப் பக்கங்களை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அங்கே போனது. திருத்தணியும் எங்கள் ஊரும் அதோடு போயின. ம.பொ.சி. இங்கே வந்து மறியல் செய்தார், சிறைக்குப் போனார். மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர் அதற்கெல்லாம் முன்பிருந்தே ஊர் ஊராக நடந்து பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு படாஸ்கர் வந்து எல்லையை ஆராய்ந்தார், 1959-இல் சட்டம், 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி வட்டாரம் திரும்பி வந்தது. பதிலுக்குச் சத்தியவேடு பக்கத்து ஊர்கள் அங்கே போயின.

என் அப்பா ஊரை விட்டு நகராமலே மூன்று முறை மாநிலம் மாறியவர். சென்னை மாகாணத்தில் பிறந்தார், ஆந்திரத்தில் தறி பழகினார், சென்னை மாநிலத்தில் கல்யாணம் செய்துகொண்டார், தமிழ்நாட்டில் கண்ணை மூடினார். எல்லாம் ஒரே தெருவில். நகரியில் வாழ்க்கைப்பட்ட என் பெரிய அத்தை எல்லை மாறிய பிறகும் அதே பஸ்ஸில், அதே தூக்குவாளியோடு வந்துகொண்டிருந்தார். அந்தப் புத்தகத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: அச்சுக்கோக்கும் ஒரு மனிதர் சென்னையிலிருந்து வந்து எங்களுக்காகச் சிறைக்குப் போக வேண்டிய கட்டாயம் எதுவும் இருக்கவில்லை. எங்களுக்கு நேர்ந்தது அவருக்கு வலித்திருக்கிறது. அவ்வளவுதான்.

இந்த வலியைப் பற்றி யோசித்துக்கொண்டே தங்கை மகள் அனுப்பிய நான்காவது பக்கத்தைத் திருப்பியபோது, அதிலிருந்த படம் என்னை அப்படியே நிறுத்திவிட்டது. இரவு நேரம். நெருப்புக் கங்கின் மேல் வெறுங்காலோடு ஒரு மனிதர் நடந்துகொண்டிருக்கிறார். அவர் முதுகில் ஒரு பெண், உப்புமூட்டை ஏறினாற்போல.

ஊர் பெயர் ஸான் பேத்ரோ மன்ரீக்கே. சுமார் 600 பேர் வாழும் சின்னஞ்சிறு ஊர். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 23 நள்ளிரவில், கோயில் முற்றத்தில் ஓக் மரத்தை எரித்துக் கங்காக்கிப் பரப்புகிறார்கள். தங்களுக்குப் பிரியமான ஒருவரை முதுகில் சுமந்துகொண்டு ஊர்க்காரர்கள் அதன்மேல் நடக்கிறார்கள். மூன்று இளம் பெண்கள் வெள்ளை உடுத்தித் தலையில் கூடை சுமந்து விழாவை நடத்துகிறார்கள். தீமிதியேதான். கூடைக்குப் பதில் கரகம் வைத்தால் எங்கள் ஊர்.

எங்கள் ஊர்த் திரௌபதியம்மன் கோயிலின் அக்னி வசந்த விழாவை இந்தப் பத்தியில் நான் இதுவரை எழுதியதில்லை. ஏன் எழுதவில்லை என்று இப்போதுதான் எனக்கே தெரிகிறது. அது எனக்கு வேடிக்கை பார்த்த விழா இல்லை.

பதினெட்டு நாள். பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரியில் தெருக்கூத்து. பகாசூரனுக்கு வண்டி நிறையச் சோறு போகும். அர்ச்சுனன் தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவான்; உச்சியிலிருந்து அவன் வீசும் எலுமிச்சம்பழத்துக்கும் விபூதிக்கும், பிள்ளை இல்லாத பெண்கள் ஈரப் புடவையோடு கீழே மடியேந்திக் காத்திருப்பார்கள். கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் மைதானம் கொள்ளாமல் மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையில் அடித்ததும் அம்மன் கூந்தல் முடிவாள். அன்றைக்கு ஊரில் ஒரு தறிகூட ஓடாது. பழகிய சத்தம் நின்றுபோனால் காது அடைத்ததுபோல் இருக்கும். அந்த அமைதியில்தான் பம்பை ஒலி தெரு முழுக்கக் கேட்கும். காலையில் அடுக்கிய கட்டை அந்தி சாய்வதற்குள் கங்காகிவிடும். அதைத் தட்டிச் சமமாக்குபவர்கள் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலை செய்வார்கள்.

எனக்கு அப்போது ஏழு வயது. அப்பா காப்பு கட்டியிருந்தார். மஞ்சள் வேட்டி, கையில் வேப்பிலை. அவரோடு நாற்பது ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். அம்மா என்னைக் குண்டத்தின் வடக்கு ஓரத்தில் நிறுத்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நெருப்பு முகத்தில் அறைந்தது. கரகம் இறங்கியது. ஒவ்வொருவராகப் போனார்கள். அம்மாவின் பிடி தளர்வாகத்தான் இருந்தது. அப்பா கங்கில் கால் வைத்ததும் அந்தப் பிடி இறுகியது. அவர் ஆறேழு எட்டு வைத்துப் பால் குழிக்குள் இறங்குகிற வரைக்கும் அவள் மூச்சு விடவில்லை. அவளுடைய கட்டைவிரலுக்குள் ஏதோ குதித்துக்கொண்டிருந்ததை என் மணிக்கட்டு இன்றும் அறியும். ராத்திரி பார்த்தேன், அவள் கண்ணாடி வளையல் அழுந்திய தடம் பிறைபோல் சிவந்திருந்தது. அப்பாவின் காலில் ஒரு கொப்புளம் இல்லை.

இதை நான் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்த ஸ்பெயின் ஊரில் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. முன்பே படித்ததுதான்; படத்தைப் பார்த்ததும் தேடி எடுத்து மறுபடி படித்தேன். டிமிட்ரிஸ் ஸிகலாட்டாஸ் என்ற மானுடவியலாளரும் அவருடைய சகாக்களும், தீ மிதிப்பவர்களுக்கும் வெளியே நின்று பார்ப்பவர்களுக்கும் இதயத் துடிப்பை அளக்கும் கருவியைக் கட்டிவிட்டார்கள். முடிவு 2011-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வந்தது. கங்கில் நடப்பவரின் துடிப்பு ஏறி இறங்கியது போலவே, அசையாமல் நின்று பார்த்த அவருடைய உறவினர்கள், நண்பர்களின் துடிப்பும் ஏறி இறங்கியிருக்கிறது. அதே இடத்தில், அதே சூட்டில் நின்ற வெளியூர்ப் பார்வையாளர்களிடம் அந்த ஒற்றுமை இல்லை. கூட்டத்தில் நின்றாலே வந்துவிடும் பரவசம் என்று இதை ஒதுக்க முடியாது. நடப்பவர் உங்களுக்கு வேண்டியவராக இருக்க வேண்டும்.

அந்த ஆய்வின் வரைபடத்தில் இரண்டு துடிப்புக் கோடுகளும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்குவதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மணிக்கட்டுக்கு எப்போதோ தெரிந்ததைத்தான் அந்தக் கோடுகள் காட்டின.

ஊர் பார்க்கப் போகிறோம் என்கிறோமே, அது எந்தக் கணக்கில் பார்ப்பது? ஸோரியாவோ பொதட்டூர்பேட்டையோ, ஆற்றையும் மலையையும் கோயிலையும் யாரும் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், படமும் எடுக்கலாம். அந்த ஊரில் வரிசையில் நிற்கும் ஒருவராவது நமக்கு வேண்டியவராகிவிட்டால் மட்டுமே உள்ளே ஏதோ ஒன்று கூடத் துடிக்கும். அதற்கு அங்கேயே பிறந்திருக்க வேண்டியதும் இல்லை. மச்சாதோ ஸோரியாவில் பிறந்தவரல்ல. ம.பொ.சி. திருத்தணியில் பிறந்தவரல்ல. தங்கை மகள் தறிச் சத்தம் என்று சொன்னாளே, அந்தச் சத்தத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் யாரென்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்காதது நாங்கள்தான்.

நேற்று மாலை அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அப்பா போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. "அன்னிக்கு அப்பா குண்டத்துல இறங்கறப்போ உனக்குப் பயமா இருந்துச்சாம்மா?"

அம்மா வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே யோசித்தாள். "பயமெல்லாம் இல்லடா. அம்மா இருக்கா, பார்த்துக்குவா. ஆனா எனக்குக் காலு ரெண்டும் ரெண்டு நாள் எரிஞ்சிது."

தங்கை மகளுக்கு எழுதிவிட்டேன். ஜூன் 23-ஐக் கணக்கு வைத்து ஸ்பெயினுக்கு டிக்கெட் எடு, அந்த ஊரைத் தவற விடாதே. அதற்கு முன்னால் படுகளத்தன்று அந்த மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு இங்கே வா. இந்த வருடம் உன் தம்பி காப்பு கட்டப் போகிறான். குண்டத்துக்கு வடக்கு ஓரத்தில் பாட்டி நிற்பாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நில்.