சாவி நம்ம மடியில இருக்கணும்

வேடசந்தூர்ப் பக்கம் எனக்கு நாலு ஏக்கர் மானாவாரி நிலம். கடலையும் எள்ளும் போட்டு, செக்கில் ஆட்டி, எண்ணெயாக நேரடியாக விற்கிறேன். கமிசன் கடை வேண்டாம், நேரடி விற்பனைதான் உழவரைக் காப்பாற்றும் என்று நாம் பேசாத கூட்டம் இல்லை. அந்த நேரடி விற்பனை இன்னைக்கு செல்போனில்தான் நடக்குது. வாட்ஸப்பில் ஆர்டர் வருது, ஜிபேயில் பணம் வருது, பார்சல் போகுது. ஆனால் அந்தப் போனை நமக்கு யாரும் முறையாகச் சொல்லித்தரவில்லை. எனக்கு அந்தப் பாடம் ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு போன். "ராணுவ கேண்டீன்ல இருந்து பேசறேன் அய்யா, நாப்பது லிட்டர் கடலெண்ணெய் வேணும். பணத்தை முன்கூட்டியே போட்டுடறோம்." என் வீட்டுக்காரம்மா போனுக்கு ஒரு கியூஆர் கோடு வந்தது. "உங்க போன்ல இதை ஸ்கேன் பண்ணி, பின் நம்பரைப் போடுங்க, பணம் ஏறிடும்" என்றார். போட்டேன். ஏறவில்லை, இறங்கியது.

அதைவிடப் பெரிய தப்பு அடுத்துச் செய்தது. வெட்கப்பட்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் நஞ்சில்லா உணவு பற்றிப் பேசுற ஆள் ஏமாந்துட்டான்னு சிரிப்பாங்களே! அந்த இரண்டு நாளில் பணம் கை மாறிப் போய்விட்டது.

பணம் போனதும் 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. உடனே சொன்னால், எடுத்தவன் கணக்கிலேயே பணத்தை நிறுத்திவைக்க வழி இருக்கிறது. வங்கிக்கும் அப்போதே சொல்லணும். ரிசர்வ் வங்கி 2017இல் போட்ட விதிப்படி, நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியாள் செய்த மோசடியை, வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நட்டம் நம்முடையது இல்லை. பின் நம்பரை நாமே கொடுத்து ஏமாந்திருந்தால், சொல்லும் வரைக்குமான நட்டம் நம் தலையில். சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. எப்படிப் பார்த்தாலும் வாயைத் திறக்கிறவனுக்குத்தான் லாபம்.

சில நண்பர்கள் சொல்கிறார்கள்: "எதுக்குப்பா இந்த வம்பு? கையில காசு வாங்கு, போதும்." சென்னையிலும் கோவையிலும் இருந்து எண்ணெய் வாங்குகிறவர் கையில் காசு கொடுக்க வேடசந்தூர் வருவாரா? போனை மூடினால் மறுபடி வியாபாரி வாசலில்தான் நிற்கணும். இன்னும் சிலர், "பையன் பாத்துக்குவான்" என்பார்கள். பையன் திருப்பூரில் ஷிப்டில் இருப்பான். மோசடிக்காரன் நம்மைத்தான் கூப்பிடுவான்.

யோசித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் இலையில் புள்ளி விழுந்தால் அதைக் கிள்ளிக்கொண்டு உரக்கடைக்கு ஓடினோம். அவர் கொடுத்ததை அடித்தோம். நம்ம வயலைப் பற்றிய அறிவை அவர் கையில் கொடுத்ததுதான் அன்றைய தப்பு. இன்றைக்கு பிஎம் கிசான், சான்றிதழ், உரிமம் எல்லாவற்றுக்கும் போனை அப்படியே யாரிடமோ நீட்டுகிறோம். ஓடிபியும் அவர்தான் பார்க்கிறார், பாஸ்வேர்டும் அவர்தான் வைத்திருக்கிறார். விதையை மீட்ட நாம் இதையும் மீட்க வேண்டாமா?

படிக்க வேண்டியது மலையளவு இல்லை. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. கேட்டால் அவன் திருடன். வாட்ஸப்பில் வரும் ஏபிகே கோப்பை, பிஎம் கிசான் பெயரில் வந்தாலும், தொடாதீர்கள். உள்ளே ஏறினால் உங்கள் ஓடிபி அவனுக்குப் போகும். நம் திரையை அவன் பார்க்கிற மாதிரி எந்தச் செயலியையும் போடச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். வாங்குகிறவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், நம் கணக்கில் ஏறியதா என்று பார்த்துவிட்டுப் பொருளைக் கொடுங்கள். விற்பனைக்குத் தனிக் கணக்கு வைத்து, அதில் கொஞ்சமாகவே பணம் வைத்திருங்கள்.

நம்ம திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எத்தனை கெட்டியான பூட்டாக இருந்தால் என்ன, சாவியை வழிப்போக்கன் கையில் கொடுத்துவிட்டால்?

பிஜிஎஸ் சான்றுக்கு ஒருவர் வயலை இன்னொருவர் போய்ப் பார்த்துச் சொல்கிறோமே, அதே மாதிரி ஒருவர் போனை இன்னொருவர் பார்த்துச் சொல்லலாம். மாதக் கூட்டத்தில் அமுதக்கரைசலுக்கும் மீன் அமிலத்துக்கும் நேரம் ஒதுக்குகிறோம். இதற்கும் அரை மணி நேரம் ஒதுக்குவோம். கூட்டத்துக்கு வரும் இளைஞர்கள் செய்து காட்டட்டும். நம் கையால் நாமே செய்து பழகுவோம். ஏமாந்தவர்கள் வெட்கப்படாமல் சொல்லட்டும், கேட்கிறவர்கள் சிரிக்காமல் கேட்கட்டும்.

அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாக என் ஒன்பதாயிரத்தில் இருந்து நானே ஆரம்பிக்கிறேன்.