கட்டை விரலை நம்பி எத்தனை நாள்?

நம் பக்கத்து ஸ்போர்ட்ஸ் மீட்டுகளில் ஒரு வேடிக்கை உண்டு. 100 மீட்டருக்கு மூன்று ஹீட்ஸ் வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு பேர் நேராக ஃபைனலுக்குப் போய்விடுவார்கள். மிச்சமிருக்கும் இரண்டு லேனுக்கு, மற்றவர்களில் டைமிங் நன்றாக இருப்பவர்களை எடுப்பார்கள். முதல் ஹீட்டில் மூன்றாவது வந்தவன் 11.8. அடுத்த ஹீட்டில் மூன்றாவது வந்தவன் 11.9. "தம்பி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று இவனை அனுப்பிவிடுவார்கள். இவன் மூன்றாம் வருஷம் படிக்கிறவனாக இருந்தால் அடுத்த வருஷம் ஏது? அந்த 11.8-ஐயும் 11.9-ஐயும் அமுக்கியவை வேறு வேறு கட்டை விரல்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நாமாவது கேட்க வேண்டாமா?

ஸ்டாப் வாட்ச் மேல் குற்றமில்லை. அது நூறில் ஒரு பங்கு விநாடி வரை காட்டும். காட்டுவது வாட்ச், அமுக்குவது மனுஷன். துப்பாக்கிப் புகையைப் பார்த்து விரல் அசைய ஏறக்குறைய 0.2 விநாடி ஆகிறது. முடிவுக் கோட்டிலோ ஆள் ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்பதால் விரல் முன்கூட்டியே தயாராகிவிடும். ஆகவே கையால் எடுத்த நேரம் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். 100, 200 மீட்டர் கை நேரத்தோடு 0.24 விநாடியைக் கூட்டி ஒப்பிடும் வழக்கம் அதனால்தான் வந்தது. புகையை விட்டுவிட்டுச் சத்தத்துக்கு அமுக்கினால் கேட்கவே வேண்டாம். ஒலி 100 மீட்டர் வந்து சேரவே 0.29 விநாடி ஆகும். டைம் கீப்பர் வேலைக்குப் புதுசாக ஒரு பையனைப் பிடித்து நிறுத்தினால் அவன் சத்தத்துக்குத்தான் அமுக்குவான்.

பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கெல்லாம் பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு பெயர் சொல்கிறேன். 1960 ரோம் ஒலிம்பிக் 400 மீட்டரில் நான்காவது வந்த மில்கா சிங்குக்குக் கைக் கடிகாரத்தில் 45.6, மின்னணுக் கருவியில் 45.73. 1998-ல் பரம்ஜித் சிங் 45.70 ஓடியபோது தேசிய சாதனை முறிந்ததா இல்லையா என்று ஒரு சண்டையே நடந்தது. ஒரே ஓட்டத்துக்கு இரண்டு நேரம் இருந்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? 1984 லாஸ் ஏஞ்சலிஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42. வெண்கலம் வாங்கிய ருமேனிய வீராங்கனைக்கு 55.41. கருவி சொன்னதால் அழுதுவிட்டு ஒப்புக்கொண்டோம். ஒரு விரல் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்போமா?

2022-ல் நம் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. நூற்றுக்கணக்கான மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு டிஜிட்டல் கடிகாரம், நகர்த்தலுக்கு 30 விநாடி தானாகவே கூடும். உட்கார்ந்து ஆடுகிறவர்களுக்கு இவ்வளவு கணக்கு. அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் செங்கல்பட்டில் உயிரைக் கொடுத்து ஓடுகிற பையனுக்குக் கட்டை விரல்தானா?

போட்டோ ஃபினிஷ் கேமராவை நம்மால் வாங்க முடியாது, சரி. ஒயர்லெஸ்ஸில் நாமே ஒன்று செய்யலாம். ஸ்டார்ட்டர் அடிக்கும் பலகைக் கிளாப்பரில் ஒரு மைக்ரோ ஸ்விட்ச், அதோடு ஒரு ரேடியோ மாட்யூல். முடிவுக் கோட்டில் இன்னொரு மாட்யூல், அதில் ஒரு எல்.இ.டி. 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமலே குறைந்த பவரில் உபயோகிக்கலாம். "எதுக்குடா இவ்ளோ, செல்போன்ல 'போயிட்டான்'னு சொன்னா பத்தாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் மெக்கானிக்கல், மன்னித்துவிடலாம்.

சூட்சுமமே தாமதத்தில்தான் இருக்கிறது. சாதாரண வைஃபை, புளூடூத்தில் ஒரு பாக்கெட் தொலைந்தால் மறுபடி அனுப்பும். ஒரு ஹீட்டில் 5 மில்லி விநாடி தாமதம், அடுத்ததில் 40 என்று ஆனால் கட்டை விரலே தேவலை. சர்வதேச விதிப்படி ஸ்டார்ட் சிக்னல் கடிகாரத்தைச் சேரும் தாமதம் மாறாமல், 0.001 விநாடிக்குள் இருக்க வேண்டும். நாம் செய்வதில் அந்த அளவு வராவிட்டாலும் மாறாமல் இருந்தால் போதும், கூட்டிக்கொள்ளலாம். அதனால் மறுபடி அனுப்பும் வசதியை நிறுத்திவிட வேண்டும். சிக்னல் போய்ச் சேரவில்லையா, ரீகால் செய்து மறுபடி ஓட விட வேண்டியதுதான்.

முடிவுக் கோட்டில் லைட் பீம் வைக்கலாம் என்று பலருக்கும் தோன்றும். வேண்டாம். கணக்குக்கு வருவது உடற்பகுதி, அதாவது தலை, கை, கால் நீங்கலான உடம்பு. பீமை வெட்டுவதோ முதலில் வீசுகிற கை. தவிர, எட்டு பேரில் ஒருவனைத்தான் அது பிடிக்கும். அதற்குப் பதில் 240 ஃபிரேம் எடுக்கும் ஒரு போனை ஸ்டாண்டில் கோட்டுக்கு நேராக நிறுத்தி, எல்.இ.டி.யும் படத்தில் விழும்படி வைக்கலாம். விளக்கு எரிந்த ஃபிரேமிலிருந்து நெஞ்சு கோட்டைத் தொட்ட ஃபிரேம் வரை எண்ணினால் நேரம் கிடைத்துவிடும். ஒரு ஃபிரேம் சுமார் 4 மில்லி விநாடி. சில போன்களில் 240 என்று எழுதியிருக்கும், சீராக எடுக்காது. முதலில் ஓடும் டிஜிட்டல் கவுண்ட்டர் ஒன்றைப் படமெடுத்துச் சோதித்துவிட வேண்டும். இது சாதனைப் புத்தகத்தில் ஏறாது. மூன்று ஹீட்டையும் ஒரே அளவுகோலில் அளக்கும், நமக்கு வேண்டியது அதுதானே?

காற்றையும் சொல்ல வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பினால் மேற்கே பார்த்து ஓடுகிறவனுக்கு முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்ட மாதிரி. 100 மீட்டரில் விநாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் பின்காற்று இருந்தால் சாதனையாக ஏற்க மாட்டார்கள். காலையில் ஒரு ஹீட், சாயங்காலம் ஒரு ஹீட் வைத்துவிட்டு நேரத்தை ஒப்பிடுவது எந்த ஊர் நியாயம்? கிண்ணம் சுற்றும் காற்றுமானியை இரண்டாம் வருஷ மாணவர்களே செய்யலாம்.

போட்டி அன்று காலையில் ஒரு சோதனை கட்டாயம். கிளாப்பரை முடிவுக் கோட்டுக்கே கொண்டு வந்து போன் முன்னால் அடிக்க வேண்டும். பலகை ஒட்டுவதும் விளக்கு எரிவதும் ஒரே ஃபிரேமில் விழ வேண்டும். இரண்டு ஃபிரேம் தள்ளி எரிந்தால் 8 மில்லி விநாடி. அதைக் குறித்துக்கொண்டு எல்லா ஹீட்டிலும் கூட்ட வேண்டும். பிறகு கிளாப்பரை 100 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய், சிக்னல் பத்துக்குப் பத்து தடவை வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வருஷம் புராஜெக்ட் தலைப்பு இன்னும் முடிவாகாத பேட்ச் ஏதாவது இருந்தால், பி.டி. சாரிடம் ஒரு பழைய கிளாப்பர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.