பாஸ்டன் நகரசபையும் போலீஸ் ஓவர்டைமும்

ஒரு நகரசபை கூடி விவாதித்து ஒரு தொகையை நிர்ணயிக்கிறது. அதன் கீழுள்ள போலீஸ் இலாகா அத்தொகையைத் தாண்டிச் செலவழிக்கிறது. மிச்சப் பணத்தையும் சபை கொடுத்தே தீரவேண்டியிருக்கிறது. அப்படியானால் நகரத்தின் பொக்கிஷச் சாவி யார் கையிலிருக்கிறது? அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் போலீஸ் ஓவர்டைம் விவகாரம் எழுப்பும் கேள்வி இதுதான். பணம் எவ்வளவு என்பதைவிட இக்கேள்வியே முக்கியமானதென்பது நமது அபிப்பிராயம்.

2020-ஆம் வருஷம் மே மாதத்தில் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாயிட் என்ற கறுப்பர் ஒரு போலீஸ்காரரின் முழங்காலுக்கடியில் உயிரிழந்தார். அதையொட்டி நாடெங்கும் எழுந்த கொதிப்பில், போலீஸுக்குக் கொட்டும் பணத்தைக் குறைக்கவேண்டுமென்ற கோஷம் பாஸ்டனிலும் பலத்தது. அப்போது மேயராக இருந்த மார்ட்டின் வால்ஷ், சுமார் 6 கோடி டாலராக இருந்த போலீஸ் ஓவர்டைம் தொகையில் 1 கோடி 20 லட்சத்தை வெட்டி, அதைப் பொதுஜன சுகாதாரம் முதலிய காரியங்களுக்குத் திருப்புவதாக அறிவித்தார். ஜூன் மாதத்தில் நகரசபை அந்தப் பட்ஜெட்டை 8-க்கு 5 என்ற வோட்டுக் கணக்கில் நிறைவேற்றியது. எதிர்த்து வோட்டளித்தவர்களில் மிஷேல் வூ ஒருவர். பிற்பாடு என்ன நடந்தது? வருஷம் முடிவதற்குள் போலீஸ் இலாகா அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. வெட்டியது காகிதத்தில், செலவானது ரொக்கத்தில். அதே வருஷத்தில் நியூயார்க் நகரசபையும் போலீஸ் ஓவர்டைமைப் பாதியாகக் குறைப்பதாகத் திட்டமிட்டு, அதே கதியைத்தான் அடைந்தது.

இதைக் கண்டு போலீஸார்மீது சீறுவோர் சட்டத்தின் நிலையை அறியவேண்டும். 1938-ஆம் வருஷத்து அமெரிக்கத் தொழில் சட்டம், குறித்த நேரத்துக்குமேல் வேலை செய்தவனுக்கு ஒன்றரைப் பங்கு கூலி தரவேண்டுமென்று விதித்தது. நகரசபைகளின் சிப்பந்திகளுக்கும் அது பொருந்துமென்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு 1985-இல் தீர்ப்பளித்தது. வேலை வாங்கியபின், “சபை இதற்குப் பணம் ஒதுக்கவில்லை” என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. அது நியாயமும் ஆகாது. எனவே, ஓவர்டைம் தொகை பட்ஜெட்டில் எழுதும்போது நிச்சயமாவதில்லை. எத்தனை மணி வேலை வாங்கப்படுகிறது என்பதில்தான் நிச்சயமாகிறது. அந்த மணிகளை நிர்ணயிப்பது மேயரும் போலீஸ் சங்கமும் செய்துகொள்ளும் ஒப்பந்தமும், இலாகாவின் உத்தரவுகளுமே.

மணிகள் எங்கிருந்து வருகின்றன? காலி ஸ்தானங்களை நிரப்பாமல் இருக்கும் ஆட்களையே இரட்டை வேலை வாங்குவது ஒரு வழி. புதிய ஆளுக்குப் பென்ஷனும் இன்ஷூரன்ஸும் தரவேண்டுமாகையால் இது மலிவென்று அதிகாரிகள் எண்ணுவதுண்டு. மாரத்தான் பந்தயமும் ஊர்வலங்களும் மற்றொரு வழி. மூன்றாவது, கோர்ட்டு. 2020-இல் அமலிலிருந்த ஒப்பந்தப்படி, ஓய்வு நேரத்தில் சாட்சி சொல்ல வரும் போலீஸ்காரர் அரை மணியில் திரும்பினாலும், நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓவர்டைம் பெற உரிமையுள்ளவர். (தெரு தோண்டுமிடங்களில் போலீஸ்காரர் நின்று கம்பெனியாரிடம் பெறும் கூலி வேறு; அதையும் இதையும் குழப்பிப் பேசுவோர் பாஸ்டனிலேயே பலர்.) வெட்டு நிறைவேறிய பின்னும் இவற்றில் எதுவும் மாறவில்லை. அப்படியிருக்கச் செலவு மட்டும் எப்படிக் குறையும்?

இந்த நாலு மணி ஷரத்துக்கு ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. 1919-ஆம் வருஷத்தில் பாஸ்டன் போலீஸ்காரர் வாரத்துக்கு 75 முதல் 90 மணி வரை உழைத்தனர். கோர்ட்டில் காத்துக்கிடந்த நேரத்துக்கு அவர்களுக்குக் காலணாவும் கிடையாது. உடுப்பையும் சொந்தச் செலவில் வாங்கவேண்டும். அவர்கள் சங்கம் அமைத்துத் தொழிலாளர் சம்மேளனத்துடன் சேர்ந்தபோது, கமிஷனர் கர்ட்டிஸ் தலைவர்களைச் சஸ்பெண்டு செய்தார். செப்டம்பர் 9-ந் தேதி, 1,544 பேரில் 1,117 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். நகரத்தில் கொள்ளையும் கலகமும் மூண்டு, உயிர்கள் பல போயின. கவர்னர் கால்வின் கூலிட்ஜ் பட்டாளத்தை இறக்கினார். வேலை நிறுத்தியவர்களில் ஒருவரும் திரும்பச் சேர்க்கப்படவில்லை. ஆனால், அவர்கள் கேட்ட உயர்ந்த சம்பளமும் இலவச உடுப்பும் அவர்களுக்குப் பதிலாக வந்த புதிய ஆட்களுக்குக் கிடைத்தன! ஒன்றைக் கவனிக்கவேண்டும். அக்காலத்தில் கமிஷனரை நியமித்தவர் கவர்னர். சம்பளம் கொடுத்தது நகரம். 1906 முதல் 1962 வரை இந்த விபரீதம் நீடித்தது. கமிஷனரை நியமிக்கும் அதிகாரம் பிறகு மேயருக்கு வந்தது. ஆனால், பணம் கொடுப்பவர் ஒருவர், வேலை வாங்குபவர் வேறொருவர் என்ற கோளாறு வேறுருவத்தில் தங்கிவிட்டது.

கண்காணிப்பில்லாத இடத்தில் மோசடி முளைப்பது சகஜம். பாஸ்டன் போலீஸின் சாட்சிப் பொருள் கிடங்கில் மாலை 4 முதல் 8 வரை ஓவர்டைம் வேலை பார்த்ததாகக் கையெழுத்திட்டவர்கள், வெகுநேரம் முன்னதாகவே வீடு போய்விட்டார்களென்று குற்றஞ்சாட்டி, 2020 செப்டம்பரில் ஒன்பது பேர்மீது சமஷ்டி சர்க்கார் வழக்குத் தொடர்ந்தது. மோசடித் தொகை 2 லட்சம் டாலருக்கு மேலென்று கூறப்பட்டது. சிலர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். ஓய்வு நாளிலும் ஸ்டேஷனில் நிறுத்திவைக்கப்பட்டு, மனைவி மக்களைக் காணாது தவிக்கும் நேர்மையான போலீஸ்காரரின் கூலிக்கும் இவர்களாலேயே இழுக்கு.

2021 நவம்பரில் பாஸ்டன் வாக்காளர்கள் நகர சாஸனத்தைத் திருத்தி, பட்ஜெட்டின் இனங்களை மாற்றும் உரிமையைச் சபைக்கு அளித்தனர். அதே தேர்தலில் மிஷேல் வூ மேயரானார். 2023 ஜூனில், சபை தன் புதிய ஆயுதத்தை எடுத்துப் போலீஸ் செலவில் சுமார் 3 கோடி 10 லட்சம் டாலரை 7-க்கு 5 என்ற கணக்கில் வெட்டியது. மேயர் வூ அதை ரத்து செய்தார். சம்பளமும் ஓவர்டைமும் ஒப்பந்தப்படி கொடுத்தே தீரவேண்டியவை. ஆகையால் இந்தக் குறைப்பு வெறும் தோற்றமே என்பது அவர் சொன்ன காரணம். மூன்று வருஷத்துக்கு முன் குறைப்பு போதாதென்றவரா இப்படிச் சொல்வதென்று பரிகசித்தவர்கள் உண்டு. நாம் பரிகசிக்கமாட்டோம். அவர் சொன்னது உண்மை. ஆனால், அந்த உண்மையின் பாரமும் அவரையே சாரும். ஒப்பந்தம் பேசுபவர் மேயரல்லவா?

சபையும் இவ்விஷயத்தில் நிரபராதியன்று. மாஸாசூஸெட்ஸ் ராஜ்யச் சட்டப்படி, ஒப்பந்தத்துக்கு வேண்டிய பணத்தை அனுமதிக்கவும் மறுக்கவும் சபைக்கு உரிமையுண்டு. மறுத்தால், மேயரும் சங்கமும் மறுபடி பேசவேண்டும். 2013 டிசம்பரில் நடுவர் தீர்ப்பின்படி 25 சதவிகிதத்துக்கு மேற்பட்ட சம்பள உயர்வு முன்வந்தபோது, சபை அதை ஏற்றுக்கொண்டது. சம்பளம் உயர்ந்தால் ஓவர்டைம் ஒன்றரைப் பங்காகத் தொடர்ந்து உயருமென்பது தெரியாத கணக்கா? 2023 டிசம்பரில் வந்த ஒப்பந்தத்தில், கடுங்குற்றம் சாட்டப்பட்டவர்கள் நடுவரிடம் போய்த் தப்புவதைத் தடுக்கும் ஷரத்து போன்ற நல்ல அம்சங்கள் இருந்தன. அதையும் சபை ஏற்றது. வருஷந்தோறும் ஜூனில் பட்ஜெட்டின்மீது வாரக்கணக்கில் முழங்கும் கவுன்ஸிலர்கள், ஒப்பந்தம் மேஜைக்கு வரும் நாளிலன்றோ விழித்திருக்கவேண்டும்? அடுத்த முறை வரும்போது, எந்த ஸ்டேஷனில் எத்தனை பேர், கோர்ட்டுக்கு எத்தனை மணி, கையெழுத்தைச் சரிபார்ப்பவர் யார், மாதாமாதம் கணக்கு சபைக்கு வருமா என்று ஷரத்து ஷரத்தாகக் கேட்கட்டும். பதில் வரும்வரை பணத்தை அனுமதிக்காதிருக்கட்டும்.